மழை வருமுன்னே... தார்ப்பாய்க் கயிறு சிக்காமல் இருக்கட்டும்!

கடலூர் மாவட்டம் வேப்பூர் பக்கம் மக்காச்சோளம் அறுவடை முடிந்தால், களத்திலும் சாலையோரத்திலும் மஞ்சள் மஞ்சளாகக் காயும். திடீரென வானம் இருட்டினால், மூடுவதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரம் பார்த்துத் தார்ப்பாய்க் கயிறுகள் சிக்கிக்கிடந்தால்? நனைந்த மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடிக்கும்; அஃப்லாடாக்சின் என்ற நச்சும் உண்டாகலாம். அது மாட்டுக்கும் ஆகாது, கோழிக்கும் ஆகாது. விலையும் விழுந்துவிடும்.

கயிறு ஏன் சிக்குகிறது? வட்டமாகச் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் கயிற்றில் ஒரு முறுக்கு ஏறுகிறது. பிரிக்கும்போது அதுவே சுருண்டு முடிச்சாகிறது.

இப்படிச் சுற்றிப்பாருங்கள்:

* கயிற்றை வளையத்திலிருந்து அவிழ்க்க வேண்டாம். அங்கிருந்தே தொடங்கி, பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே '8' போலச் சுற்றுங்கள். ஒருபக்கம் ஏறும் முறுக்கு மறுபக்கம் இறங்கிவிடும்.

* கடைசி ஒரு முழத்தை நடுவில் இறுக்கிச் சுற்றி, நுனியை மடித்துச் செருகுங்கள். நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், மொத்தமும் பிரிந்துவிடும்.

* மூலைக் கயிறுகளுக்கு ஒரு நிறம், பக்கக் கயிறுகளுக்கு வேறு நிறம். இருட்டிலும் டார்ச் வெளிச்சத்தில் குழப்பம் வராது.

* நைலான் கயிறு நனைந்தால் தொய்யும். கட்டிய பிறகு மழை பெய்தால், ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். காயவைத்த பிறகே சுற்றிவையுங்கள்.

* கயிற்றுக் கட்டுகளை உள்பக்கம் போட்டுத் தார்ப்பாயை மடித்தால், ஒன்றோடொன்று மாட்டாது.

வெள்ளிக்கிழமை வேப்பூர் சந்தைக்குக் கடை போட வருபவர்களுக்கும், நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவர்களுக்கும் இதே முறை கைகொடுக்கும். வெயில் அடிக்கும்போதே ஒருநாள் தார்ப்பாயைப் பிரித்து, கயிறுகளைச் சரிசெய்துவிடுங்கள்.