தொட்டி சுத்தம்... குழாய்க்குள்ளே?

'கறிக்கோழி ஷெட்டில் தொட்டியைக் கழுவுகிறோம், பிளீச்சிங் பவுடரும் போடுகிறோம்; கழிச்சல் நின்றபாடில்லை' என்று வாசகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கழிச்சலுக்குக் காரணங்கள் பல. ஆனால், பலரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு. நிப்பிள் பைப்பின் கடைசி மூடியைக் கழற்றி, உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால், அது பாக்டீரியாக்கள் கட்டிய படலம். வைட்டமின், வெல்லத் தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் அதற்கும் தீனிதான். ஈ.கோலை போன்ற கிருமிகள் உள்ளே பதுங்கிக்கொள்ளும்; குளோரின் மேலாகத் தொட்டுவிட்டுப் போய்விடும்.

கோழி ஏற்றியபின், ஷெட் காலியாக இருக்கும்போது பைப்பை வேகமான தண்ணீரில் அலசுங்கள். பிறகு, பைப் சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை லேபிளில் உள்ள அளவில் கலந்து நிரப்பி, ஒருநாள் முழுக்க நிறுத்தி வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். நிப்பிள்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டால்தான் அவற்றுக்குள்ளும் மருந்து இறங்கும். மறுநாள் நன்றாக அலசுங்கள். உரிந்து வரும் படலம் நிப்பிளை அடைக்கும் என்பதால் அவசரப்பட வேண்டாம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

குஞ்சு இறக்கியபின் 2 முதல் 5 பி.பி.எம். குளோரின் கடைசி நிப்பிளில் இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியில் பார்த்துப் பயனில்லை. தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுப்பதாக இருந்தால், முந்தைய நாளே குளோரினை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் மருந்து வீணாகிவிடும்.