பல்லியம் கற்போம் – 9: ஓரியின் வேட்டைக்களத்தில் ஒரு வாத்தியக் குழு

சிம்பொனி இசைக்குழுவுக்கு எழுதக் கற்பவர் முதலில் பழக வேண்டியது மெட்டமைப்பதை அன்று. அமைந்த மெட்டை எந்தக் கருவியிடம், எந்தத் தானத்தில், எவ்வளவு ஓசையில் ஒப்படைப்பது என்று முடிவு செய்வதையே. ‘ஆர்க்கெஸ்ட்ரேஷன்’ எனப்படும் இந்தக் கருவியமைப்புக் கலைக்குப் பெர்லியோஸ் 1844இல் எழுதிய நூலும், ரிம்ஸ்கி-கோர்சகோவ் விட்டுச்சென்ற குறிப்புகளை அவருடைய மருமகன் ஸ்டைன்பெர்க் தொகுத்து 1913இல் வெளியிட்ட நூலும் இன்றளவும் பாடநூல்களாக விளங்குகின்றன. கருவியின் இயல்பறிந்து வேலை ஏவும் மனப்பாங்குக்குத் தமிழில் உள்ள பழஞ்சான்றுகளுள் ஒன்று, கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டு.

யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பால் வீழ்த்திய வேடன் ஒருவனைக் காட்டில் காணும் பாணர் தலைவன், அவன் ஓரியோ அல்லனோ என்று ஐயுற்று, தான் ஒரு வண்ணம் பாடப்போவதாகச் சொல்லிக் குழுவினருக்கு ஆணையிடுகிறான். முழவுக்கு மண் பூச வேண்டும். யாழில் பண்ணை நிறுத்த வேண்டும். யானைத் துதிக்கை போன்ற தூம்பை ஊத வேண்டும். எல்லரியும் சிறுபறையாகிய ஆகுளியும் ஒலிக்க வேண்டும். ஒருமுகப் பறையாகிய பதலையை மட்டும் மெல்லத் தட்ட வேண்டும். ஐந்து கருவிகளை வாசிக்கச் சொல்லிவிட்டு ஆறாவதற்கு மட்டும் ஓசையளவையும் சேர்த்துச் சொல்வதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. பெரிய தோற்கருவி ஓங்கினால் பாடுவோர் குரல் அமுங்கும் என்பது அந்தத் தலைவனுக்குத் தெரிந்திருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

மேற்கத்திய எழுத்துப்படியில் அந்த ஆணையின் இடத்தை ‘பியானோ’ (மெல்ல), ‘ஃபோர்ட்டே’ (உரக்க) என்ற குறிகள் பிடித்துக்கொள்கின்றன. ஆயினும் குறியிட்டால் மட்டும் சமநிலை வந்துவிடாது. உரத்து வாசிக்கையில் ஒரு டிரம்பெட்டுக்கு இரண்டு ஹார்ன்களும், ஒரு ஹார்னுக்கு இரண்டு கிளாரினெட்டுகளும் ஈடாகும் என்றும், மெல்ல வாசிக்கையிலோ ஹார்னும் மரக்காற்றுக் கருவிகளும் ஏறத்தாழச் சமமாகிவிடும் என்றும் ரிம்ஸ்கி-கோர்சகோவ் கணக்கிட்டுக் காட்டுகிறார். ஆகவே மெல்லிசைப் பகுதியில் இனிதாக இழைந்த அதே எழுத்து, உரத்த பகுதியில் ஹார்னுக்குள் கிளாரினெட்டைப் புதைத்துவிடும். கற்பவர்களில் பெரும்பாலோர் இடறும் இடம் இதுவே.

பாணர் குழுவை அப்படியே சிம்பொனிக்கு மாற்ற முனைபவர் யாழுக்கு ஹார்ப், முழவுக்கு டிம்பனி, தூம்புக்கு டிராம்போன் என்று ஆளுக்கு ஆள் நிறுத்தினால் ஏமாறுவார். 47 நரம்புகள் கொண்ட கச்சேரி ஹார்ப்பில் ஏழு சுரப் பெயர்களுக்கும் ஏழு மிதிகள் உண்டு. ஒரு மிதியை அழுத்தினால் அப்பெயருடைய நரம்புகள் அனைத்தும் ஒருசேர மாறிவிடுவதால், அரைச்சுரங்களை வரிசையாக அடுக்கி விரைந்து ஓடும் வரியை அதற்கு எழுத முடியாது. மாற்ற வேண்டியது கருவியை அன்று, அது பாட்டில் ஆற்றும் பணியை.

இதைக் கொண்டு சிம்பொனியே கொல்லிமலையில் பிறந்தது என்று பெருமை பேசத் தொடங்குவது வீண்வேலை. பல சுரங்களை ஒரே வேளையில் அடுக்கி ஒலிப்பிக்கும் ஹார்மனி அந்தப் பாட்டில் பேசப்படவில்லை. ஆணையும் வாய்மொழியாகவே போகிறது, எஞ்சியதை வாசிப்போரே நிரப்பிக்கொள்கின்றனர். சிம்பொனியிலோ ஒவ்வொரு கலைஞருக்கும் ஒவ்வொரு சுரமும் தாளில் இருக்க வேண்டும். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜா, நான்கு பகுதிகளாக எழுதிய ‘வேலியன்ட்’ சிம்பொனியை 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் கான்செர்ட் ஆர்க்கெஸ்ட்ரா அரங்கேற்றியபோது, அந்தக் குழுவினருக்கு வழிகாட்டியது அத்தகைய எழுத்தே.

எட்டு அளவு கொண்ட எளிய மெட்டு ஒன்றை எடுத்து, ஒரு கிளாரினெட்டுக்கும் ஒரு ஹார்னுக்கும் முதலில் மெல்லவும் பிறகு உரக்கவும் வாசகர்கள் எழுதிப் பார்க்கலாம். பி-பிளாட் கிளாரினெட்டுக்கு ஒலிக்க வேண்டியதைவிட ஒரு முழுத்தொனி மேலேயும், எஃப் ஹார்னுக்கு ஐந்தாம் சுர இடைவெளி மேலேயும் எழுத வேண்டும். உரத்த படியில் கிளாரினெட் காணாமற்போனால், இரண்டாவது கிளாரினெட் ஒன்றைச் சேர்த்துக்கொள்க.

(தொடரும்)