மலை பறிக்கும் காற்று

வெல்லவாய கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,230 மீற்றரில், ஹப்புத்தளை 1,430 மீற்றரில். வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தை, பூனாகலைத் தோட்டங்களின் ஊடாகப் பண்டாரவளைக்குப் போகும் ஒரு சிறு கார், அந்தப் பயணத்தில் தன் காற்றில் கணிசமான பங்கை இழந்துவிடுகிறது. கடல் மட்டத்தில் 1,013 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் வளிமண்டல அமுக்கம் பண்டாரவளை உயரத்தில் 880 அளவுக்கு இறங்கிவிடும். பெற்றோல் எஞ்சின் காற்றைக் கன அளவில்தான் உறிஞ்சும், எடை பார்த்து உறிஞ்சத் தெரியாது. 658 சிசி எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலும்போது கொழும்பிலும் ஆயிரம் லீற்றர் காற்றைத்தான் இழுக்கிறது, பண்டாரவளையிலும் ஆயிரம் லீற்றரைத்தான் இழுக்கிறது. ஆனால் மலையில் அந்த ஆயிரம் லீற்றருக்குள் இருக்கும் ஒட்சிசன் குறைவு. மலைக்குளிர் காற்றைச் சற்று அடர்த்தியாக்கி ஓரளவு ஈடுகட்டினாலும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் வலு போய்விடுகிறது. ஏற்றம் அதிக வலுவைக் கேட்கும் இடத்தில்தான் எஞ்சினிடம் வலு குறைந்திருக்கிறது. ஊவா மலையில் சிறு காருக்கு டர்போ தெரிவு செய்வோர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. வேகத்துக்காக டர்போ என்ற எண்ணம் சமவெளியிலிருந்து வந்தது. இங்கே அது இழந்த காற்றை மீட்கும் கருவி. எந்த அளவு டர்போ, எவ்வளவு அமுக்கம், எப்படி டியூன் செய்வது என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை இதிலிருந்தே கிடைக்கிறது.

இந்தக் கருவியின் வரலாறும் இதற்குச் சான்று. வெளியேறும் புகையின் விசையால் ஒரு டர்பைனைச் சுழற்றி, அதே அச்சில் பூட்டிய கம்பிரசரால் காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டும் யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்றார். அது பயன்படும் என்பதை ஊரறிய நிரூபித்தவர் அமெரிக்கரான சான்போர்ட் மொஸ். உயரே பறக்கும் விமானங்களின் எஞ்சின் மூச்சுத் திணறுவதைத் தீர்க்க வேண்டியிருந்ததால், 1918இல் அவர் ஒரு லிபர்ட்டி எஞ்சினைக் கொலராடோவின் பைக்ஸ் சிகரத்துக்கு, 4,300 மீற்றர் உயரத்துக்கு ஏற்றிச் சென்று சோதித்தார். தரையில் சுமார் 350 குதிரைவலு தந்த எஞ்சின் சிகரத்தில் 230 அளவுக்கு விழுந்தது. டர்போவை இணைத்ததும் 356க்கு மீண்டது. தரையில் இருந்ததை விடப் பெரிதாக எதையும் அவர் சேர்க்கவில்லை, மலை எடுத்துக்கொண்டதைத் திருப்பி வாங்கினார், அவ்வளவுதான். நமது மலையக ரயில் பாதைக்கும் காற்றூதும் எஞ்சின் புதிதல்ல. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954 முதல் வழங்கிய எம்2 வகை ரயில் எஞ்சின்களில் பற்சக்கரத்தால் ஓடும் ஊதுகருவி உண்டு. அது டர்போ அல்ல. எஞ்சினின் சொந்த வலுவில் ஒரு பகுதியைச் செலவழித்தே சுழல்வது. டர்போ புகையோடு வீணாகப் போகும் சக்தியில் சுழல்வதால் சிறிய எஞ்சினுக்கு அதுவே பொருந்துகிறது.

இனிக் காரைப் பார்ப்போம். பதுளை மாவட்ட வீதிகளில் ஓடும் சிறு கார்களில் ஜப்பானிலிருந்து வந்த 660 சிசி வகையினவே பேச்சுக்கு ஏற்றவை, ஏனென்றால் அதே எஞ்சின் டர்போவோடும் டர்போ இன்றியும் கிடைக்கிறது. சுசுக்கி வேகன் ஆர் காரில் வரும் ஆர்06ஏ எஞ்சின் டர்போ இல்லாமல் 52 குதிரைவலுவும், 4,000 சுழற்சியில் 63 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையும் தருகிறது. டர்போ உள்ள வடிவம் 64 குதிரைவலுவும், 3,000 சுழற்சியிலேயே 95 நியூட்டன் மீற்றரும் தருகிறது. 64 என்பது 1987ஆம் ஆண்டின் ஆல்டோ வர்க்ஸ் தொட்டு ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட உச்சவரம்பு. 52க்கும் 64க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று சொல்வோர் பார்க்கத் தவறுவது முறுக்குவிசையை. நான்கு பேருடன் 1,060 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று, நூறு மீற்றருக்கு 12 மீற்றர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு, சக்கர உராய்வு, கியர்பெட்டியின் இழப்பு எல்லாம் சேர எஞ்சினிடம் ஏறத்தாழ 24 குதிரைவலு கேட்கும். டர்போ இல்லாத எஞ்சின் 3,000 சுழற்சியில் கடல் மட்டத்திலேயே 27ஐத் தாண்டாது, பண்டாரவளையில் 24க்கு மேல் இராது. கையிருப்பு என்று எதுவும் மிஞ்சவில்லை. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, எஞ்சினை 5,000 சுழற்சிக்கு விரட்டித்தான் வளைவிலிருந்து வெளியேற வேண்டும். டர்போ எஞ்சினிடம் அதே 3,000 சுழற்சியில் 40 குதிரைவலு உண்டு. மலையில் கொஞ்சம் குறைந்தாலும் தேவையானதில் பாதிக்குமேல் மிகுதி நிற்கும். தோட்டத்திலிருந்து நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வாகனத்துக்கு அந்த மிகுதி ஆடம்பரமல்ல.

இதை ஏற்றுக்கொண்டால் டர்போவின் அளவு தானாக முடிவாகிறது. 64 குதிரைவலுவுக்கு நிமிடத்துக்கு மூன்று கிலோகிராமுக்குச் சற்று மேல் காற்று போதும். 3,000 சுழற்சியில் அதில் பாதி. இந்தச் சிறிய ஓட்டத்தில் திறம்பட இயங்க மிகச் சிறிய சக்கரங்கள் கொண்ட டர்போதான் வேண்டும். கரெட் நிறுவனத்தின் ஜிடி1241 போன்றது 0.4 முதல் 1.2 லீற்றர் எஞ்சின்களுக்கென்றே செய்யப்பட்டது. ஐஎச்ஐ நிறுவனத்தின் மிகச் சிறிய டர்போக்களும் இந்த வகையே. பழைய பாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது என்று 2 லீற்றர் சுபாருவிலிருந்து கழற்றிய டிடி04 டர்போவைச் சிறு எஞ்சினில் மாட்டினால், அதைச் சுழற்றப் போதிய புகை 5,000 சுழற்சிக்குப் பிறகே வரும். நுவரெலியாவில் 1934 முதல் நடந்துவரும் மகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் எஞ்சினை உச்சத்திலேயே வைத்து ஓட்டுபவருக்கு அது சரிப்படலாம். பின்னால் பஸ் வர, முன்னால் கொழுந்து லொறி போக, இரண்டாம் கியரில் ஊரும் காருக்குச் சரிப்படாது. ‘பெரிய டர்போ என்றால் பிற்பாடு வலுவைக் கூட்டலாமே’ என்பார்கள். கூட்டலாம்தான், ஆனால் கூட்டிய வலு கிடைக்கும் சுழற்சிக்கு இந்த வீதிகளில் கார் போவதே அரிது.

மலையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சமவெளியில் டியூன் செய்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். டர்போவின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்துவது வேஸ்ட்கேட் என்ற கதவு. பழைய முறைக் கதவு வில்லின் பலத்தில் இயங்கும். வெளிக்காற்றை விட இவ்வளவு கூடுதல் என்றுதான் அதற்குக் கணக்கு. கொழும்பில் 0.6 பார் கூடுதல் என்றால் எஞ்சினுக்குள் மொத்தம் 1.61 பார். பண்டாரவளையில் அதே 0.6 கூடினால் 1.48 பார்தான். அமுக்கத்தில் டர்போ இல்லாத கார் 13 சதவீதத்தை இழக்கும் இடத்தில் இது 8 சதவீதத்தை இழக்கிறது. மீதியையும் மீட்க வேண்டுமென்று கட்டுப்பாட்டுப் பெட்டியை முழு அமுக்கமும் 1.61 ஆகவே இருக்கும்படி அமைத்தால், கம்பிரசர் வெளிக்காற்றை 1.6 மடங்குக்குப் பதில் 1.83 மடங்கு அமுக்க வேண்டிவரும். அச்சு இன்னும் வேகமாகச் சுழலும். ஏற்கனவே நிமிடத்துக்கு இரண்டு இலட்சம் சுழற்சியை எட்டக்கூடிய சிறு டர்போவுக்கு அது ஆபத்தான எல்லை. கம்பிரசரின் திறன் 70 சதவீதம் என்று கொண்டால், கொழும்பில் 25 பாகை காற்று 86 பாகையாக வெளிவரும். மலையில் 20 பாகைக் காற்று 99 பாகையாக வெளிவரும். வெளியே குளிர், உள்ளே கொதிப்பு. அதனால் என் முடிவு: முழுவதையும் மீட்கப் பார்க்கக் கூடாது. அந்த எட்டு சதவீதத்தை மலைக்கு விட்டுக்கொடுத்து, வில்லின் பலத்திலேயே 0.5 அல்லது 0.6 பாரில் நிறுத்துவது எஞ்சினுக்கும் டர்போவுக்கும் நல்லது.

வெப்பத்தைத் தணிக்க இன்டர்கூலர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது காற்றோட்டத்தை நம்பி இருக்கிறது. சமவெளியில் டர்போ அதிகம் உழைக்கும்போது காரும் வேகமாகப் போகும், எதிர்க்காற்று இன்டர்கூலரைக் குளிர்விக்கும். பூனாகலை ஏற்றத்தில் டர்போ முழு மூச்சாக உழைக்கும் நேரத்தில் கார் மணிக்கு 25 கிலோமீற்றரில் ஊர்கிறது. 660 சிசி கார்கள் பலவற்றில் இன்டர்கூலர் எஞ்சினின் தலைமீதே கிடக்கிறது, கீழிருந்து வெப்பம், மேலே போதிய காற்றில்லை. ஐந்து நிமிட ஏற்றத்துக்குள் அது தானே சூடேறிவிடும். ஆகவே டியூன் செய்பவர் சமதரையில் ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்து, தீப்பொறியை எவ்வளவு முன்னகர்த்தலாம் என்று தீர்மானிப்பது தவறு. நீண்ட ஏற்றத்தின் முடிவில், எல்லாம் சூடேறிய நிலையில், எஞ்சினில் தட்டல் கேட்கிறதா என்று பார்த்தே தீர்மானிக்க வேண்டும். முழு அமுக்கத்தில் பெற்றோல் சற்று மிகையாகவே போகட்டும்: ஒரு பங்கு பெற்றோலுக்கு 12 பங்கு காற்று, அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. மலைக் காற்று மெல்லியதென்பதால் 92 ஒக்டேன் போதும் என்று ஒரு வாதம் உண்டு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது உண்மை. மெல்லிய காற்று சிலிண்டரின் அமுக்கத்தைக் குறைப்பதால் தட்டலும் குறையும். டர்போ அந்த அமுக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு அந்தச் சலுகை இல்லை. 95 ஊற்றுவது நல்லது, ஆனால் 95 இருப்பில் இல்லாத நாளிலும் கார் ஏற வேண்டுமே. டியூனை 92க்கே செய்து வைப்பது அறிவு. 2022இல் கியூஆர் அட்டையைக் காட்டிக் காருக்கு வாரம் 20 லீற்றர் வாங்கிய நாட்டில், கிடைக்கும் பெற்றோலுக்கு ஏற்பத்தான் எஞ்சின் இருக்க வேண்டும்.

டர்போ இல்லாத காரை வாங்கி அதில் டர்போ பூட்டலாமா? பூட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். டர்போ இல்லாத ஆர்06ஏ எஞ்சினின் அமுக்க விகிதம் 11 அளவில் இருக்கிறது, டர்போ வடிவத்தில் 9 அளவில். 11 விகிதம் கொண்ட எஞ்சினுக்கு 0.6 பார் ஊதினால் பிஸ்டன் தாங்குவது நல்வாய்ப்பைப் பொறுத்தது. தொழிற்சாலையே டர்போவோடு செய்த காரைத் தேடி வாங்குவதே முறை. ‘இந்தத் தொல்லைக்கு 1,300 சிசி எஞ்சின் உள்ள காரே மேல்’ என்ற மறுப்பு பலமானது. எளிமையில் அது வெல்லும். ஆனால் அதுவும் மலையில் பத்திலொன்றுக்கு மேல் இழக்கும். எஞ்சினின் அளவைப் பார்த்து வரி விதிக்கும் நாட்டில் அதன் விலையும் பூனாகலைக் குடும்பங்களுக்கு எட்டுவதில்லை. மின்சாரக் கார் பற்றிய மறுப்பு இன்னும் பலமானது: மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை, ஏற்றத்தில் செலவழித்த மின்சாரத்தில் ஒரு பங்கை இறக்கத்தில் திரும்ப வாங்கவும் முடியும். இயற்பியலின்படி மலைக்கு உகந்தது அதுவே. விலையும் மின்னேற்றும் வசதியும் லயத்து வாசலுக்கு வரும்வரை சிறு டர்போ பேசத் தகுந்தது.

டர்போவைக் கொல்வது பெரும்பாலும் எண்ணெய்தான். புகையின் வெப்பம் 900 பாகையைத் தொடும். அச்சைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. ஏற்றம் முடிந்த உடனே எஞ்சினை நிறுத்தினால், தேங்கிய எண்ணெய் கருகி அச்சின் துவாரங்களை அடைக்கும். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துவது செலவில்லாத பாதுகாப்பு. 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டது. ஆகவே வீதியில் ஓடும் டர்போ கார்கள் பல கை மாறிய பழையவை. வாங்கும்போது காற்றுக் குழாயைக் கழற்றி, கம்பிரசர் சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். முன்பின்னாக நகர்ந்தாலோ, பக்கவாட்டில் ஆடி உறையைத் தொட்டாலோ வேண்டாம் என்று விட்டுவிடலாம். தோட்டத்து மண் வீதியின் தூசிக்கு வடிகட்டியை அடிக்கடி மாற்றுவதும், 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை நல்ல செயற்கை எண்ணெய் ஊற்றுவதும் எந்த டியூனை விடவும் அதிக வருடங்களைத் தரும்.

ஏறிய கார் இறங்கவும் வேண்டும். கியரில் விட்டு இறங்கும்போது காரைப் பிடித்து நிறுத்துவது எஞ்சினின் கன அளவு. 660 சிசி எஞ்சின் ஏறும்போது 1,000 சிசி போல வலுத் தந்தாலும், இறங்கும்போது 660 சிசிதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டர்போவின் உதவி நின்றுவிடுகிறது. ஏற்றத்தில் பழகிய வேகத்தில் இறங்கும் சாரதிக்கு பிரேக்கைத் தவிர வேறு பெரிய துணை இல்லை. 2025 செப்டம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். பஸ்ஸையும் சிறு காரையும் ஒப்பிட முடியாது, ஆனால் அந்த இறக்கம் எல்லா வாகனங்களுக்கும் ஒன்றே. பூனாகலையில் டர்போவுக்கென்று ஒதுக்கும் பணத்தில் முதற் பங்கு நல்ல பிரேக் பட்டைகளுக்கும் புதிய பிரேக் எண்ணெய்க்கும் போக வேண்டும். ஓட்டோ கியர் கார் என்றால், இறங்கத் தொடங்கும் முன்பே, வளைவுக்கு வந்த பிறகல்ல, ‘எல்’ நிலைக்கு மாற்றிவிட வேண்டும்.