பொன்விழாக் கொண்டாடிய தீவு! விளம்பரத்தில் 1,000 டாலர். கையை விட்டுப் போவது 3,000!

"நான்கு பகல், மூன்று இரவு! நீலக் கடல், வெள்ளை மணல்! பொன்விழாச் சலுகை! முந்துங்கள்!"

2022ஆம் ஆண்டில் இப்படிப்பட்ட விளம்பரங்கள் வந்தவண்ணம் இருந்தன. மாலத் தீவுக்கு உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கி அந்த ஆண்டோடு 50 வருடம் நிறைந்தது. அந்த நாட்டு சர்க்கார் ஆண்டு முழுவதும் பொன்விழாக் கொண்டாடியது.

2025ஆம் ஆண்டில் இன்னொரு விழா வந்தது. 1965 ஜூலை 26ந் தேதி அந்த நாடு பிரிட்டிஷாரிடம் இருந்து விடுதலை பெற்றது. அதற்கு 60 ஆண்டு நிறைவு.

விழா என்றால் சலுகை. சலுகை என்றால் ஆசை. புதிதாக மணம் முடித்தவர்கள் தேன் நிலவுக்குப் போக விரும்புகிறார்கள். பிள்ளைகளை விமானத்தில் ஏற்றிக் கடலைக் காட்டிவர வேண்டும் என்று பெற்றோர் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கிறார்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் மாலத் தீவு!

தூரம் குறைவுதான். செலவு அப்படி அல்ல. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகை வேறு. கடைசியில் கையை விட்டுப் போகும் தொகை வேறு. அது ஏன் என்று தெரிந்துகொள்ள, அந்தத் தீவுகளின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆயிரத்து இருநூறு தீவு

மாலத் தீவு என்பது ஒரு தீவு அல்ல. ஏறக்குறைய 1,200 தீவுகள்! அவற்றில் குடிமக்கள் வசிப்பவை சுமார் 190தான். எல்லாத் தீவுகளின் மண்ணையும் ஒன்று சேர்த்தாலும் சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான் வரும். சென்னை மாநகராட்சியின் பரப்பு அதைவிடப் பெரிது!

தமிழர்களுக்கு இந்தத் தீவுகள் புதியவை அல்ல. கடல் நடுவே உள்ள பன்னிரண்டாயிரம் பழைய தீவுகளை வென்றதாக ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் கூறுகின்றன. அது மாலத் தீவுதான் என்று சரித்திர ஆசிரியர்கள் கருதுகிறார்கள்.

சமையல் அறையிலும் சொந்தம் உண்டு. மாசிக் கருவாடு என்று கடலோர ஊர்களில் விரும்பி வாங்குகிறார்களே, அதற்குப் பேர்போன இடம் மாலத் தீவுதான். சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் கட்டை போலக் காயவைத்தால் மாசி.

இந்த மாசியை இலங்கைக்கு விற்றுத்தான் அந்த மக்கள் வெகுகாலம் பிழைத்தார்கள். 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், அந்நியச் செலாவணி இல்லாத காரணத்தால் இலங்கை மாசி வாங்குவதைக் குறைத்தது. மாலத் தீவு மக்களின் வயிற்றில் அடி விழுந்தது.

"இங்கே யார் வருவார்?"

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்கள் மாலத் தீவைப் பார்வையிட்டார்கள். உல்லாசப் பயணத் தொழிலுக்கு இந்த இடம் ஏற்றது அல்ல என்று சொல்லிவிட்டார்கள்!

அவர்கள் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. பெரிய விமான நிலையம் இல்லை. ஓட்டல் இல்லை. பாங்கி இல்லை. வெளிநாட்டுக்குப் பேச டெலிபோன் வசதி இல்லை.

ஜார்ஜ் கோர்பின் என்பவர் இத்தாலிக்காரர். பயண ஏற்பாட்டாளர். யாரும் கால் வைக்காத கடற்கரையைத் தேடிக் கொழும்புக்கு வந்தார். அங்கே மாலத் தீவுத் தூதரகத்தில் அகமது நசீம் என்ற இளைஞர் வேலை பார்த்தார். (பிற்காலத்தில் அந்த நாட்டின் வெளிநாட்டு மந்திரி ஆனவர் இவர்.) நசீம் அவரை மாலத் தீவுக்கு அழைத்துப் போனார். கோர்பின் மயங்கிவிட்டார்!

1972 பிப்ரவரியில் சுமார் இருபது இத்தாலியர்களை அவர் கூட்டி வந்தார். ஓட்டல் இல்லாததால், தலைநகர் மாலேயில் வீடுகளில் தங்கவைத்தார்கள். வந்தவர்கள் நீந்தினார்கள், மீன் பிடித்தார்கள், வெயில் காய்ந்தார்கள். "மறுபடியும் வருவோம்" என்று சொல்லிப் போனார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. எம். யு. மனிக்கு, உசேன் அபீப், நசீம் ஆகியோர் இந்த முயற்சியில் முன்னின்றவர்கள். பவளக் கல், தென்னை மரம், ஓலைக் கூரை இவற்றைக் கொண்டே அறைகளைக் கட்டினார்கள். அறுபது பேர் தங்கலாம். குளிக்கக் கிடைத்தது உப்புக் கரித்த கிணற்றுத் தண்ணீர்!

விடுதிக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? "குரும்பா"! அவர்களுடைய திவேகி மொழியில் இளநீர் என்று பொருள். நாம் தென்னம்பிஞ்சைக் குரும்பை என்கிறோம் அல்லவா?

1974ஆம் ஆண்டில் நம் நாட்டு பாரத ஸ்டேட் பாங்கி மாலேயில் கிளை திறந்தது. விடுதிகள் கட்டுவதற்குக் கடன் கொடுத்தது. தொழில் வளர்ந்தது. 1972இல் ஏறக்குறைய ஆயிரம் பேர் வந்த நாட்டுக்கு, 2024ஆம் ஆண்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

வெங்காயமும் கப்பலில்

ஒரு தீவில் ஒரு விடுதி. இதுதான் அங்கே வழக்கம். விடுதிக்குத் தேவையான மின்சாரத்தை அந்தத் தீவிலேயே எந்திரம் வைத்து உண்டாக்குகிறார்கள். கடல் நீரைக் குடிநீர் ஆக்குவதும் அங்கேயேதான்.

மீனையும் தேங்காயையும் தவிர மற்றவை பெரும்பாலும் வெளியில் இருந்து வர வேண்டும். அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம், கட்டடம் கட்டுவதற்கு ஜல்லி, ஆற்று மணல் முதலியவை இந்தியாவில் இருந்து போகின்றன. தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டடச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போவது பல காலமாக நடக்கும் வியாபாரம்.

தூத்துக்குடியில் ஏற்றிய வெங்காயம் மாலேயில் இறங்கி, வேறு படகில் ஏறி, விடுதித் தீவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதன் விலை என்ன ஆகும்? அந்த விலைதான் பயணியின் சாப்பாட்டுத் தட்டில் வந்து விழுகிறது.

கணக்கைப் பாருங்கள்

ஒரு குடும்பத்தில் நான்கு பேர். அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். நான்கு இரவுக்கு அறை வாடகை 1,000 டாலர் என்று விளம்பரம் சொல்கிறது. "வரி தனி" என்று கீழே பொடி எழுத்து. அந்தப் பொடி எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது!

முதலில் சேவைக் கட்டணம். வழக்கமாக நூற்றுக்குப் பத்து. ஆக 1,100 டாலர்.

அதன் மேல் உல்லாசப் பயணத்துக்கான சரக்கு சேவை வரி. 2025 ஜூலையில் இருந்து நூற்றுக்குப் பதினேழு. இப்போது 1,287 டாலர்.

அப்புறம் பசுமை வரி. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்து, உல்லாச விடுதியில் தங்குபவர் தலைக்கு, நாள் ஒன்றுக்கு 12 டாலர். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் கிடையாது. நான்கு பேருக்கு, நான்கு நாளுக்கு 192 டாலர். மொத்தம் 1,479.

இத்தோடு முடிந்ததா? இல்லை! விமான நிலையம் ஒரு தீவில் இருக்கிறது. விடுதி எங்கோ தொலைவில் இன்னொரு தீவில். தூரத்து விடுதிகளுக்குத் தண்ணீரில் இறங்கும் சிறு விமானத்தில் போக வேண்டும். போக வர ஒருவருக்கு 400 டாலர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேருக்கு 1,600. சில விடுதிகள் பிள்ளைகளுக்குக் குறைத்து வாங்குவது உண்டு. குறைக்காவிட்டால் மொத்தம் 3,079 டாலர்.

ஆயிரம் டாலர் மூவாயிரம் ஆகிவிட்டது! இந்தியாவில் இருந்து போகும் விமானக் கட்டணம் இதில் சேரவில்லை. சாப்பாடும் எல்லா விளம்பரத்திலும் சேராது. "காலை உணவு மட்டும்" என்றால் மதியமும் இரவும் காசு கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். நடுக்கடல் தீவில் வேறு ஓட்டலைத் தேடிப் போக முடியுமா?

இன்னொரு சங்கதியும் உண்டு. தண்ணீரில் இறங்கும் விமானங்கள் பகலில்தான் பறக்கும். சாயங்காலம் பிந்தி மாலேயில் இறங்கினால், அந்த ராத்திரி அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான். "மலிவு டிக்கெட்" என்று ராத்திரி விமானத்தில் போகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ஆகவே முன்பணம் கட்டும் முன்பு, "வரி, படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் பணத்தைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

ஊராருடைய விடுதி

அப்படியானால் நடுத்தரக் குடும்பம் அங்கே போகவே முடியாதா? முடியும். அதற்கு வழி பிறந்ததும் ஒரு சுவையான கதை.

வெகுகாலம் வரை, வெளிநாட்டுப் பயணிகள் ஊர்மக்கள் வாழும் தீவுகளில் இஷ்டம் போலத் தங்க முடியாது. பயணிகள் ஒரு தீவில். மக்கள் வேறு தீவில். உல்லாச விடுதிகளில் பணம் புரண்டது. பக்கத்துத் தீவில் இருந்தவர்கள் அங்கே வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கலாம். சொந்தமாகத் தொழில் செய்ய இடம் இல்லை.

2009, 2010ஆம் ஆண்டுகளில் இந்தக் கட்டு தளர்ந்தது. ஊர்த் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் தோன்றின. மாபுஷி என்ற தீவு முதலில் முந்திக்கொண்டது. அதற்கு முன்பு சிறைச்சாலை இருக்கும் தீவு என்றுதான் அதைச் சொல்வார்கள்! 2004 டிசம்பர் 26ந் தேதி சுனாமியில் அடிபட்ட ஊர் வேறு. இன்று அங்கே தெருவுக்குத் தெரு விருந்தினர் இல்லம். சொந்த மாடியில் நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டவர்கள், படகு ஓட்டுகிறவர்கள், சாப்பாட்டுக் கடை வைத்தவர்கள் எல்லோருக்கும் வருமானம்.

இங்கே தங்கினால் செலவு வெகுவாகக் குறையும். ஐம்பது அறைக்கு மேற்படாத இல்லங்களில் பசுமை வரியும் பாதிதான்; தலைக்கு 6 டாலர். மாலேயில் இருந்து பொதுப் படகிலேயே போகலாம். அதற்குக் கட்டணம் மிகச் சொற்பம். ஆனால் வெள்ளிக்கிழமை அன்று பெரும்பாலும் அந்தப் படகுகள் ஓடுவது இல்லை. இது தெரியாமல் வெள்ளிக்கிழமை போய் இறங்கினால், விரைவுப் படகுக்கு அதிகப் பணம் கொடுக்க நேரிடும்.

ஊரில் தங்கினால் ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அடங்க வேண்டும். அது முஸ்லிம் நாடு. ஊர்த் தீவுகளில் மதுவுக்கு இடம் இல்லை. நீச்சல் உடையில் குளிப்பதற்குத் தனியாகக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். பெண்டு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது ஒரு விதத்தில் சௌகரியமே.

பசுமை வரி எதற்கு?

வரி என்றால் முகம் சுளிக்காதவர் யார்? ஆனால் இந்த வரிக்குக் காரணம் இருக்கிறது. மாலத் தீவின் தரை கடல் மட்டத்துக்கு மேல் சராசரி ஒன்றரை மீட்டர் உயரம்தான். உலகத்திலேயே தாழ்ந்த நாடு அது. கடல் சூடாகி, 1998லும் 2016லும் பவளப் பாறைகள் வெளுத்துச் செத்தன. பவளப் பாறைதான் அலையைத் தடுக்கும் அரண்.

குப்பையைக் கொட்ட இடம் இல்லாமல், 1992 முதல் திலபுஷி என்ற இடத்தில் கொட்டிக் கொட்டி, அது ஒரு தீவாகவே ஆகிவிட்டது!

2014 டிசம்பரில் மாலேயில் குடிநீர் ஆலையில் தீப்பிடித்தது. லட்சம் பேருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பி உதவியது. அப்படிப்பட்ட இடத்தில் பயணி ஒருவர் குளிக்கும் ஒவ்வொரு வாளி நீரும், எறியும் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு செலவு.

வாடிக்கைக்காரர் இந்தியர்

2020 மார்ச் மாதம் கொரோனா காரணமாக மாலத் தீவு கதவை அடைத்தது. ஜூலை 15ந் தேதி வரை பயணி ஒருவரும் உள்ளே வரவில்லை. முந்திய ஆண்டில் 17 லட்சம் பேர் வந்த இடத்துக்கு, அந்த ஆண்டு ஐந்தரை லட்சம் பேர்தான் வந்தார்கள். பொன்விழாச் சலுகைகளுக்குப் பின்னால் இந்தக் காலி அறைகளும் இருந்தன.

அந்தக் கஷ்ட காலத்தில் கைகொடுத்தவர்கள் இந்தியப் பயணிகள். 2020, 2021, 2022 மூன்று ஆண்டுகளிலும் அதிகம் பேர் போனது இந்தியாவில் இருந்துதான். பிறகு 2024 ஜனவரியில் இரு நாட்டுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. இந்தியர் வரவு சரிந்து ஆறாவது இடத்துக்குப் போனது. அந்த ஆண்டே மாலத் தீவு அதிகாரிகள் டில்லி, பம்பாய், பெங்களூர் நகரங்களுக்கு வந்து, "வாருங்கள்" என்று அழைத்தார்கள்!

இந்தியர்களுக்கு அங்கே போக முன்கூட்டியே விசா வாங்க வேண்டியது இல்லை. பாஸ்போர்ட், திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் சீட்டு இருந்தால் போதும். விமானம் ஏறுவதற்கு முந்திய 96 மணி நேரத்துக்குள், "இமுகா" என்ற சர்க்கார் இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது போலி.

மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று. மழை உண்டு, கடல் கொந்தளிக்கும். விலை இறங்கும் காலமும் இதுதான். நம் பள்ளிக்கூடங்களின் மே மாத விடுமுறை இதில் வந்து விழுகிறது. நான்கு நாளில் இரண்டு நாள் மழையில் போகலாம், போகாமலும் இருக்கலாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டுச் சமயத்தில் வானம் தெளிவு. அப்போது சலுகை என்ற பேச்சே இராது.