சம்பளத்தின் பெயர் மனிதனுக்கு வந்த கதை

தமிழில் ‘கூலி’ என்றால் சம்பளம். ஆங்கிலத்தில் ‘கூலி’ என்றால் ஆள். நம் தோட்டப்புற வரலாற்றில் பாதி, இந்த ஒரு மாற்றத்துக்குள் அடங்கியிருக்கிறது.

நம் மொழியில் இது பழைய சொல். விதி கைகொடுக்காவிட்டாலும், உடல் வருந்த உழைத்ததற்கு ஏற்ற பயன் கிடைக்கும் என்று 619ஆம் குறளில் சொல்லும் திருவள்ளுவர், அந்தப் பயனைக் ‘கூலி’ என்கிறார். அதில் இழிவு ஏதும் இல்லை. உழைத்தவருக்குச் சேர வேண்டியது என்பதே பொருள்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு பற்றி அறிஞர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. குஜராத்தில் வாழும் ‘கோலி’ சமூகத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பார் சிலர். தமிழ்க் ‘கூலி’யே மூலம் என்பார் சிலர். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி இரண்டையும் எடுத்துப் பேசுகிறது. மலாயில் அது ‘குலி’ ஆயிற்று. சீனர்களோ அதே ஒலிக்குக் ‘கசப்பான உழைப்பு’ என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மூலம் எதுவானாலும், ஆங்கிலத்தில் அது ஓர் அடைமொழியாகி, கண்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டது. லிங்கி, ரந்தாவ், பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்தபோது, அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள் ‘கூலி லைன்ஸ்’. அந்த ‘லைன்’தான் நம் வாயில் ‘லயம்’ ஆனது. தென்னாப்பிரிக்காவில் பாரிஸ்டர் பட்டம்கூட இந்த ஒட்டிலிருந்து காப்பாற்றவில்லை. 1893இல் அங்கே போன காந்தி ‘கூலி பாரிஸ்டர்’ என்று அழைக்கப்பட்டார்.

பெயரில் கூலி ஏறியது, கையில் ஏறவில்லை. 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களுக்கு வகுக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியற்காலைப் பெரட்டில் இருவரும் சேர்ந்துதான் நின்றார்கள். ஆனாலும் பெண்ணுக்குப் பத்துக் காசு குறைவு. அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் அந்தக் கூலியும் வெட்டப்பட்டது.

ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938இல் முடிவுக்கு வந்தது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதை உதறியதில் தொழிற்சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி. நாராயணன், 1954இல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்தினார். அதன் பெயரிலேயே ‘தொழிலாளர்’ இருக்கிறது. கூலி என்று எண்ணப்பட்டவர், கூலி கேட்டுப் பேரம் பேசுபவர் ஆனார்.

இன்று ரப்பர் இருந்த இடத்தில் பெரும்பாலும் செம்பனை. லயத்துப் பிள்ளைகள் பலர் சிரம்பான், நீலாய் தாமான்களில் குடியேறிவிட்டார்கள். குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் கடல் கடந்து வந்தவர்கள். அவர்களையும் பெயர் சொல்லி அழைக்காமல், நாட்டின் பெயரைச் சுருக்கி ஏளனமாகக் கூப்பிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்த வலியை நம் பாட்டனார் அறிவார்.

‘கூலி’ என்ற சொல்லைக் கண்டு நாம் கூச வேண்டியதில்லை. அதை அதன் தமிழ்ப் பொருளிலேயே வைத்துக்கொள்வோம். மனிதருக்கு அவர் பெயர் இருக்கட்டும். கூலி அவர் கைக்குப் போகட்டும்.