குளம்பின் கதை - 9: தேய்ந்த லாடத்தின் பளபளப்பு

நோவோ நொண்டலோ இல்லாத இளம் போட்டிக் குதிரைக்கு எந்த லாடம் என்று கேட்பதற்கு முன், லாடம் தேவையா என்று கேட்க வேண்டும். குளம்புச் சுவர் மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்வதையும், உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்குவதையும் சென்ற வாரமே பார்த்தாயிற்று. தேய்மானம் வளர்ச்சியை மிஞ்சினால் லாடம் வேண்டும். மணல் தளத்திலேயே பழகும் குதிரைக்குப் பல நேரம் குளம்பைச் சீராகச் சீவிவிட்டாலே போதும். சிலவற்றுக்கு முன்னங்கால்களுக்கு மட்டும் அடிப்பார்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், தடைதாண்டும் அணிப் போட்டியின் தங்கத்தை சுவீடன் வென்றது. அந்த அணியில் பேடர் ஃபிரெட்ரிக்சனின் ‘ஆல் இன்’, ஹென்ரிக் வான் எக்கர்மானின் ‘கிங் எட்வர்ட்’ ஆகிய இரு குதிரைகளும் லாடமே இல்லாமல் தாண்டின. அதைப் பார்த்துவிட்டு மறுநாளே லாடத்தைக் கழற்றுவது குதிரைக்குச் செய்யும் கொடுமை. வெறுங்குளம்பு பழகி உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். ஓடும் தளமும் அதற்கு ஒத்துவர வேண்டும்.

அடிப்பதென்று முடிவானால், அடுத்த முறை எப்படி அடிப்பது என்பதைக் கழற்றிய லாடமே காட்டிக்கொடுக்கும். ஆறு வாரம் கழித்துக் கழற்றியதும் அதைத் திருப்பி, குளம்போடு ஒட்டியிருந்த பக்கத்தைப் பார்க்க வேண்டும். முன்வளைவில் இரும்பு கிட்டத்தட்ட அடித்தபோது இருந்தபடியே இருக்கும். பின்முனைகள் இரண்டும் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். நகத்தால் தடவினால் மெல்லிய பள்ளம் தட்டுப்படும். தரையையே தொடாத பக்கம் எப்படித் தேய்ந்தது? ஒவ்வோர் அடியிலும் எடை இறங்கும்போது குளம்பின் பின்பகுதி இருபுறமும் இம்மியளவு விரிகிறது. கால் எழும்பியதும் பழையபடி ஒடுங்குகிறது. நாளெல்லாம் நடக்கும் அந்த உரசல், இடையில் சிக்கிய மணலையும் சேர்த்துக்கொண்டு, இரும்பையே அரைத்துவிடுகிறது. நம் நகத்தின் இனத்தைச் சேர்ந்த பொருள் இரும்பில் தடம் பதிப்பதை நேரில் பார்த்தவர்கள், குளம்பை அசைவற்ற கட்டையாக மறுபடி நினைக்க மாட்டார்கள்.

ஆணியின் இடத்தைத் தீர்மானிப்பதும் இந்த விரிவுதான். குளம்பின் மிக அகலமான இடத்தைத் தாண்டிப் பின்னால் ஆணி இறங்கினால் விரிவு கட்டுப்படும். ஆகவே ஆணிகள் முன்பாதியிலேயே, சுவரும் உள்ளங்காலும் சேருமிடத்தில் தெரியும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, உணர்ச்சியில்லாத சுவரில் மட்டும் இறங்க வேண்டும். லாடத்தின் பின்முனைகள் குளம்பின் விளிம்பைவிடச் சற்றே அகன்றிருந்தால், விரியும் குளம்புக்கு உட்கார இடம் கிடைக்கும். லாடத்தைக் குளம்புக்குப் பொருத்த வேண்டுமே தவிர, லாடத்துக்காகக் குளம்பை அராவக் கூடாது. பக்கவாட்டில் நின்று பார்த்தால், கணுவிலிருந்து குளம்பு வரை இறங்கும் சாய்வும் குளம்பின் முன்சுவரும் ஒரே கோட்டில் ஓட வேண்டும்.

நலமாக இருக்கும் காலுக்குச் சாதாரண லாடமே ஏற்றது. நடையை மிகைப்படுத்திக் காட்டும் கனமான லாடம் இளங்குதிரைக்கு வேண்டவே வேண்டாம். வளர்ச்சியைப் பொறுத்து ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சீவி, மறுபடி அடிப்பது வழக்கம். இந்த வாரத்துக்கென்று சொல்லியிருந்த எஃகு, அலுமினியம் ஒப்பீடும், புல்தரைக்கான திருகாணிகளும் அடுத்த வாரம்.