போட்டோவைக் கழற்றாதீர்கள்

கணவரை இழந்த பெண் மறுமணம் செய்துகொண்டால் தமிழக அரசு உதவித்தொகை தருகிறது. டாக்டர் தருமாம்பாள் அம்மையார் நினைவுத் திட்டம் என்று பெயர். 1975 முதல் நடக்கிறது. பட்டம், பட்டயம் படித்தவருக்கு 50,000 ரூபாய், மற்றவர்களுக்கு 25,000, கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கம். வேங்கிக்காலில்தான் நம் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் என்பதால், இந்த ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம். மனைவியை இழந்த ஆணுக்கு அரசு எதுவும் செய்ய வேண்டியதில்லை, சொந்தக்காரர்களே காரியத்துக்கு மறுநாள் ஆரம்பித்துவிடுவார்கள்: "பிள்ளைங்களுக்குச் சோறாக்கிப் போட ஒரு ஆள் வேணாமா?"

மறுமணம் நல்லதுதான். அந்தப் பேச்சை மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கோபம் யார் மேல்?

புதிதாக வந்தவர் வைத்த தட்டை ஒரு பிள்ளை தள்ளிவிட்டால், "பாட்டி தூண்டிவிட்டிருப்பாங்க" என்கிறோம். பெரும்பாலும் விஷயம் வேறு. இவரைப் பிடித்துவிட்டால் அம்மாவுக்குத் துரோகம் செய்ததாகிவிடுமோ என்ற பயம் அது. குழம்பு நன்றாக இருந்தால் இன்னும் சங்கடம்.

ஐந்து வயதுக்குக் கீழே சாவு என்பது ஊருக்குப் போனது மாதிரி. "அம்மா வந்தா எங்க படுப்பாங்க?" என்று அந்தக் குழந்தை கேட்பது குறும்பு அல்ல. ஒன்பது, பத்து வயதுக்குள் இனி வரமாட்டார் என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். பதின்வயதில் தெருவின் பார்வை சேர்ந்துகொள்கிறது. அம்மா மறுமணம் செய்தால் அது இரட்டிப்பு.

சின்னப் பிள்ளைகள் சாவைப் பற்றி யோசிக்க மாட்டார்கள் என்று திருவண்ணாமலையில் யாராவது சொன்னால் ஆச்சரியம்தான். பின்னாளில் இங்கே வாழ்ந்த ரமணர் 1892-ல் தந்தையை இழந்தபோது அவருக்கு வயது 12. மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். நான்கு ஆண்டு கழித்து அந்த வீட்டில்தான் மரண பயம் அவரைப் பிடித்தது.

எப்போது, எப்படிச் சொல்வது

அமெரிக்காவில் வில்லியம் வோர்டனும் ஃபிலிஸ் சில்வர்மனும் தாய் அல்லது தந்தையை இழந்த 125 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஆண்டுக்குள்ளேயே பெற்றவர் புதுத் துணை தேடத் தொடங்கிய வீடுகளில், குறிப்பாக அப்பா தேடிய வீடுகளில், பிள்ளைகளுக்கு ஒதுங்கிப்போவதும் உடல் உபாதைகளும் அதிகம் தெரிந்தன. ஆனால் போதிய காலம் கழித்து நடந்த மறுமணம் பிள்ளைகளின் பதற்றத்தைக் குறைத்தது. இருக்கிற ஒருவருக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற கவலையும் குறைந்தது. நம் வீடுகளில் "தலைத் திவசம் முடியட்டும்" என்று சொல்லும் பெரியவர் பேச்சைக் கொஞ்சம் கேட்கலாம்.

செய்தியைப் பெற்றவரே சொல்ல வேண்டும், பத்திரிகை அடிப்பதற்கு வெகுநாள் முன்பே. "உனக்காகத்தான் கட்டிக்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாளை அந்த வீட்டில் ஒரு சண்டை வந்தால், தன்னால்தான் என்று பிள்ளை சுமக்கும். "எனக்கும் துணை வேணும்ப்பா" என்பது உண்மை. அதைத் தாங்கும் சக்தி பிள்ளைகளுக்கு உண்டு.

மாற்றக் கூடாதவை

கூடத்தில் மாலை போட்ட படம், அதன்மேல் எரியும் குட்டிச் சிவப்பு பல்பு. கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றியது திரும்ப மாட்டப்படாமல் பரணுக்குப் போகிறது. பெரியவர்களுக்கு அது புதுப்பெண் மனசு நோகக் கூடாதே என்ற மரியாதை. பிள்ளைக்கு அது இரண்டாவது சாவு. படம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வந்தவர் தானே ஒரு நாள் அதற்குப் பூ வைத்தால் பாதி வேலை முடிந்தது. பீரோவில் உள்ள புடவைகளைக் கொடுப்பதென்றால், பிள்ளையிடம் கேட்டு ஒன்றாவது எடுத்து வையுங்கள்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி அப்பாவோடு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்த பையன் இருப்பான். புதுச் சித்தியையும் முதல் மாதமே கூட்டிக்கொண்டு "குடும்பமா போலாம்" என்றால் அவன் வரமாட்டான். கொஞ்ச காலம் அந்த நடை அவர்கள் இருவருக்கு மட்டும் இருக்கட்டும்.

சித்தி என்பதா, ஆன்ட்டி என்பதா, "அம்மா" என்பதா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். கண்டிப்பதையும் ஆரம்பத்தில் பெற்றவரே வைத்துக்கொள்வது நல்லது. புதியவர் வீட்டுப்பாட நோட்டுக்கு அட்டை போடலாம், சைக்கிளுக்குக் காற்றடித்துத் தரலாம். இப்படிச் சேரும் குடும்பம் ஒரு நிலைக்கு வர ஆண்டுக் கணக்கில் ஆகும். ஆறு மாதத்தில் எதிர்பார்ப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

மருத்துவரிடம் எப்போது?

நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புவது, பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி, தூக்கத்தில் அலறல் ஆகியவை சில வாரம் இருந்து குறையலாம். குறையாவிட்டால், படிப்பு சரிந்தால், சாப்பாடு குறைந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். "நானும் அம்மாகிட்டயே போயிடறேன்" என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே போக வேண்டும்; தனியாக விடக் கூடாது. 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசகர் தமிழில் பேசுவார்.

இன்னொன்று. "அவரோட தனியா இருக்க மாட்டேன்" என்று பிள்ளை சொன்னால், அதைத் துக்கக் கணக்கில் எழுதி மூடிவிடாதீர்கள். ஏன் என்று நிதானமாகக் கேளுங்கள், சொல்வதை நம்புங்கள். அடி, தொடுதல் என்று ஏதாவது வெளிவந்தால், குடும்ப மானம் பார்க்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.